மரம் நட மானியம் கிடைக்கும்; மூன்றாம் வருடம் தண்ணீர் ஊற்றுவது யார்?

கொழும்பை அண்டிய எமது பகுதிகளில் இப்போது ஒரு பேச்சு அடிபடுகிறது. கால்வாய் ஓரத்தைத் துப்புரவாக்கி, இரு கரையிலும் மரம் நட்டு, ஒரு பசுமை வலயம் அமைக்க வேண்டும். அதற்கு ஏதாவது ஒரு தூதரகத்திடமோ சர்வதேச நிறுவனத்திடமோ மானியம் கேட்க வேண்டும் என்பதே அந்தப் பேச்சு. நான் அங்கம் வகிக்கும் வர்த்தகர் சங்கத்தின் கூட்டத்திலும் இது வந்தது. நல்ல யோசனைதான். ஆனால் கூட்டத்தில் எழுந்த கேள்விகளில் முக்கால்வாசி "எவ்வளவு தருவார்கள்?" என்பதைப் பற்றியே இருந்தன.

நான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி. அந்தக் காசு முடிந்த பிறகு வருகின்ற பெப்ரவரி மாதத்தில், மழை இல்லாமல் வெயில் கொளுத்தும்போது, அந்தக் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்? இதற்குப் பெயரோடும் கணக்கோடும் பதில் வைத்திருக்கும் சங்கம் மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். பதில் இல்லாத சங்கம் விண்ணப்பிக்காமல் இருப்பதே மரியாதை. இதுதான் என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

கடைக்காரனுக்கு இதில் என்ன?

"மரம் நடுவது நகர சபையின் வேலை, எமக்கு ஏன்?" என்று கேட்கும் நண்பர்கள் இருக்கிறார்கள். கொலன்னாவை, வெல்லம்பிட்டி, தெமட்டகொடைப் பக்கம் கடையோ களஞ்சியமோ வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். 2010 நவம்பரில் ஒரே இரவு மழையில் கொழும்பு மூழ்கியது. பாராளுமன்ற வளவுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருகி கொலன்னாவைப் பகுதி நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. என் களஞ்சியத்தில் அடித்தட்டில் இருந்த சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை. 2025 நவம்பரில் டிட்வா சூறாவளியோடு களனி மீண்டும் கரை கடந்தது. ஒவ்வொரு தடவையும் நட்டத்தை எழுதியவர்கள் நாம்தான்.

கொழும்பின் சதுப்பு நிலங்களும் கால்வாய்களும் வெறும் அழகுக்கானவை அல்ல. மழைநீர் வந்து தங்கும் தொட்டி அவை. 2010 வெள்ளத்துக்குப் பிறகு, 2012 ஆம் ஆண்டில் உலக வங்கி 213 மில்லியன் டொலரைக் கொழும்பு பெருநகர அபிவிருத்தித் திட்டத்துக்குக் கடனாக அங்கீகரித்ததன் முக்கிய நோக்கமே வெள்ளக் கட்டுப்பாடுதான். 2018 ஆம் ஆண்டில் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகில் முதன்முதலாக ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. அப்படிப்பட்ட நகரத்தில் எமது வீதிக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் நிலைமை என்ன? பழைய மெத்தை, பொலித்தீன் பை, உடைந்த சிறாக்கட்டில், கட்டட இடிபாடு. அதில் பாதி எமது கடைகளிலிருந்து போனது என்பதை யாரும் மறுக்க முடியாது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நானூறு மீற்றர் நீளத்துக்கு மரம் நட்டால் களனி கங்கை நின்றுவிடாது. விண்ணப்பத்தில் அப்படி எழுதினால் அது பொய். படிக்கும் உத்தியோகத்தருக்கும் அது பொய் என்று தெரியும். மரமும் புல்லும் உள்ள கரை சரிந்து கால்வாய்க்குள் விழுவது குறையும். துப்புரவாக, ஆள் நடமாட்டத்தோடு இருக்கும் இடத்தில் இரவில் குப்பை கொண்டு வந்து கொட்டத் தயங்குவார்கள். கால்வாய் அடைபடாமல் இருந்தால் சாதாரண மழைக்கே வீதியில் தண்ணீர் நிற்கும் நிலை குறையும். டெங்கு நுளம்பு பெருகும் சிரட்டையும் டயரும் கிடக்காது. மதிய வெயிலில் வாடிக்கையாளர் நடந்து வர நிழல் இருக்கும். இவ்வளவும் உண்மை, இவ்வளவும் போதும்.

மானியம் என்பது பிச்சை அல்ல, ஒப்பந்தம்

எம்மில் பலருக்கு மானியம் என்றவுடன் ஸதகா நினைவுக்கு வருகிறது. ஒருவர் தருகிறார், நாம் வாங்குகிறோம், துஆச் செய்கிறோம், கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி அல்ல. மானியம் என்பது ஒரு விற்பனை ஒப்பந்தம் போன்றது. அவர்கள் காசு தருகிறார்கள். நாம் அதற்குப் பதிலாக ஒரு முடிவைத் தருவதாகக் கையெழுத்திடுகிறோம். இத்தனை மரம், இத்தனை மீற்றர், இத்தனை மாதம். சரக்கு வரவில்லை என்றால் மொத்த வியாபாரியிடம் நாம் எப்படிக் கணக்குக் கேட்போமோ, அப்படியே அவர்களும் கேட்பார்கள்.

உதாரணத்துக்கு, உலகச் சுற்றாடல் வசதியின் சிறு மானியத் திட்டத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக நடக்கும் இது 1992 இல் உலகளவில் ஆரம்பிக்கப்பட்டது. சிறு அமைப்புகளுக்கும் கிராமச் சங்கங்களுக்கும் கொடுப்பதற்கென்றே உருவானது. ஒரு திட்டத்துக்கு 50,000 டொலர் என்பது அதன் நீண்டகால உச்சவரம்பாக இருந்தது. அங்கே காசு ஒரே தடவையில் கைக்கு வராது. தவணை தவணையாக வரும். முதல் தவணைக்கு அறிக்கை கொடுத்தால்தான் இரண்டாம் தவணை. அத்துடன் சமூகத்தின் பங்களிப்பு எவ்வளவு என்றும் கேட்பார்கள். காசாகவும் இருக்கலாம், உழைப்பாகவும் பொருளாகவும் இருக்கலாம்.

ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்பு உதவித் திட்டத்தில் வேறொரு விதி உண்டு. கட்டடம், உபகரணம் போன்றவற்றுக்குத் தருவார்கள். சம்பளத்துக்கும் அன்றாட நடைமுறைச் செலவுக்கும் தரமாட்டார்கள். அது உங்கள் பொறுப்பு. ஏறக்குறைய எல்லாக் கொடையாளரின் மனப்போக்கும் இதுதான். வேலி போட, நடைபாதை அமைக்க, கன்று வாங்கக் காசு வரும். அதைக் காப்பாற்றும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு வராது, அல்லது ஒரு வருடத்தோடு நின்றுவிடும்.

எனவே மானியம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் எமது பொறுப்பு ஆரம்பமாகிறது. இதை முதலிலேயே விளங்கிக் கொண்டவன் நல்ல விண்ணப்பம் எழுதுவான்.

நட்டதில் எத்தனை மிஞ்சியது?

நம் நாட்டிலேயே இதற்குக் கசப்பான ஒரு பாடம் உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரமெங்கும் பசுமை வலயம் என்ற பெயரில் மரம் நடும் திட்டங்கள் வந்தன. களப்புகளிலும் முகத்துவாரங்களிலும் கண்டல் மரங்கள் நடப்பட்டன. நல்ல நோக்கம், தாராளமான காசு, பெரிய பதாகைகள். பல வருடங்களுக்குப் பிறகு ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குச் சென்று, நட்டதில் எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2017 இல் வெளியானது. 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. மொத்தம் 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நடப்பட்டதில், வெற்றி என்று சொல்லக்கூடியது 200 முதல் 220 ஹெக்டயர் வரைதான்.

வியாபாரக் கணக்கில் சொன்னால், ஐந்து ரூபா முதல் போட்டு ஒரு ரூபா திரும்பி வந்திருக்கிறது. இப்படி ஒரு கடை நடத்தினால் ஆறு மாதத்தில் பலகையைச் சாத்த வேண்டும்.

காரணங்கள் என்ன? பிழையான இடத்தில் நட்டது ஒன்று. நட்ட பிறகு கவனிக்காதது மற்றொன்று. மாடு மேய்ந்தது, பாசி மூடியது, பார்க்க ஆளில்லை. நட்ட பிறகு பராமரித்த இடங்களில் கன்றுகள் தெளிவாகக் கூடுதலாகப் பிழைத்திருந்தன. களப்பும் கொழும்புக் கால்வாயும் ஒன்றல்ல என்பது சரி. ஆனால் மாடு இல்லாத இடத்தில் முச்சக்கரவண்டி நிறுத்துபவன் இருக்கிறான், குப்பை எரிப்பவன் இருக்கிறான், கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கன்றுக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஜூன் 5 ஆம் திகதி உலகச் சுற்றாடல் தினத்தில் ஒரு பிரமுகரை அழைத்து, ரிப்பன் கட்டி, கன்று நட்டு, படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பும் வழக்கம் எமக்கு நன்றாகத் தெரியும். அடுத்த ஜூன் 5 இல் அதே குழியில் வேறு கன்று நடப்படுவதும் தெரியும். கொடையாளர்களுக்கும் இது தெரிந்துவிட்டது. நட்ட எண்ணிக்கையை மட்டும் எழுதும் விண்ணப்பம் அவர்களுக்குப் புதிதல்ல. மூன்று வருடத்துக்குப் பிறகு எத்தனை மரம் நிற்கும், அதற்கு யார் பொறுப்பு என்று எழுதும் விண்ணப்பம்தான் அவர்களின் கண்ணில் நிற்கும்.

மூன்று வருடக் கணக்கு

இதை எழுதுவது கடினமா? இல்லை. ஐந்தொகை பார்க்கத் தெரிந்தவனுக்கு இது ஒரு பக்கக் கணக்கு. ஒரு மாதிரியைக் கீழே போட்டுப் பார்க்கிறேன். விலைகளை உங்கள் பகுதிக்கேற்ப மாற்றிக் கொள்ளுங்கள்.

கால்வாய் ஓரம் 400 மீற்றர் என்று வையுங்கள். நான்கு மீற்றருக்கு ஒரு மரம் என்றால் ஒரு கரைக்கு 100, இரு கரைக்கும் 200. ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லீற்றர் என்றால் 2,000 லீற்றர். ஜனவரி முதல் மார்ச் வரை எட்டு வாரம் மழை குறைவு என்று கொண்டால், வாரம் இரண்டு தடவை வீதம் 16 தடவை. மொத்தம் 32,000 லீற்றர். 4,000 லீற்றர் பவுசர் எட்டுத் தடவை வர வேண்டும். "கால்வாய்த் தண்ணீரையே பம்பி வைத்து இறைக்கலாம்" என்று யாராவது சொல்வார்கள். இறைக்கலாம். பம்பி யாருடையது, எண்ணெய் யார் ஊற்றுவது, இரவில் அதை எந்தக் கடையில் பூட்டி வைப்பது? அதையும் எழுதுங்கள்.

அடுத்தது ஆள். களை பிடுங்க, தண்ணீர் ஊற்ற, சரிந்த கூட்டை நிமிர்த்த, குப்பை பொறுக்க வாரம் இரண்டு நாள் ஒருவர் வேண்டும். வருடத்துக்கு 104 நாள். மூன்று வருடத்துக்கு 312 நாள். நாட்கூலி 3,000 ரூபா என்று வைத்தால் 936,000 ரூபா. பெரிய தொகை போல் தெரிகிறது. ஆனால் வீதியில் 60 கடைகள் இருந்து, கடைக்கு மாதம் 500 ரூபா வீதம் சேர்த்தால் மாதம் 30,000. மூன்று வருடத்தில் 1,080,000 ரூபா. கூலி போக 144,000 ரூபா மீதி இருக்கிறது. பட்டுப் போன கன்றுக்குப் பதில் வாங்கவும், எண்ணெய்க்கும், திருத்த வேலைக்கும் அதை வைத்துக் கொள்ளலாம். ஒரு கடைக்கு நாளொன்றுக்கு விழுவது 17 ரூபா. ஒரு பிளேன்டீ குடிக்கக் கூட இது போதாது.

இந்த யோசனை எமக்குப் புதிதல்ல. பள்ளிவாசல் கட்டிய எமது மூத்தவர்கள் அதன் பக்கத்தில் நான்கு கடை அறைகளையும் கட்டிவிட்டுப் போனார்கள். ஏன்? சுவர் எழுப்ப ஒரு தடவை காசு போதும். விளக்கு எரிய மாதாமாதம் காசு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வக்பு என்பதன் நடைமுறைப் பொருள் அதுதானே. முதல் கரையாமல் இருக்க வேண்டும், வருமானம் செலவுக்குப் போக வேண்டும். பசுமை வலயத்துக்கும் அப்படி ஒரு சிறு வருமான வழி தேவை. கன்றைச் சுற்றி வைக்கும் இரும்புக் கூட்டில் கடையின் பெயர்ப் பலகையை ஒரு வருடத்துக்கு மாட்டக் கட்டணம் அறவிடலாம். கரையோரத்தில் மாலையில் கஞ்சியோ இளநீரோ விற்க ஓரிருவருக்கு அனுமதி பெற்றுக் கொடுத்து, அந்த வாடகையைச் சேர்க்கலாம். விளம்பரத்துக்கும் விற்பனைக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்து மூல அனுமதி வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது.

சிறிய காசு பெரிய காசைக் கூட்டி வரும்

"நாமே மாதம் 500 ரூபா போடுவதென்றால் மானியம் எதற்கு?" என்று எமது கூட்டத்தில் ஒரு ஹாஜியார் கேட்டார். நியாயமான கேள்வி. கரையைச் சரிசெய்ய, நடைபாதை போட, இருநூறு இரும்புக் கூடு அடிக்க எமது 500 ரூபா போதாது. அது பெரிய முதல். அதற்குத்தான் மானியம். ஆனால் எமது சிறிய காசு முதலில் மேசையில் இருந்தால்தான் பெரிய காசு வரும்.

இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. நியூயோர்க் நகரின் பிரொங்ஸ் பகுதியில் ஹன்ட்ஸ் பொயின்ட் என்று ஓர் இடம். எமது புறக்கோட்டை போல மொத்த உணவுச் சந்தைகள் நிறைந்த பகுதி. இரவு பகலாக லொறிகள் போய் வரும் இடம். ஏழைகள் வாழும் இடம். அங்கே ஆறு ஓடுகிறது என்பது கூடத் தெரியாத அளவுக்கு ஆற்றங்கரையைக் குப்பை மூடியிருந்தது. மஜோரா கார்ட்டர் என்ற பெண்மணி 1990களின் பிற்பகுதியில் அந்தக் குப்பைமேட்டைப் பூங்காவாக்க வேண்டும் என்று கிளம்பினார். முதலில் கிடைத்தது 10,000 டொலர் விதை மானியம் மட்டுமே. நியூயோர்க் நகரத்தில் அந்தக் காசுக்கு ஒரு மதில் கூடக் கட்ட முடியாது. ஆனால் அயலவர்களும் அமைப்புகளும் சேர்ந்து இறங்கி வேலை செய்ததால் ஒன்றன்பின் ஒன்றாக வேறு நிதிகள் வந்தன. முடிவில் அது 3 மில்லியன் டொலர் பெறுமதியான ஆற்றங்கரைப் பூங்காவாக ஆனது. பத்தாயிரம், முந்நூறு மடங்காகப் பெருகியது. பிரொங்ஸ் ஆற்றைக் கவனிக்க 2001 இல் தனியாக ஓர் அமைப்பும் உருவானது. அது நகரப் பூங்காத் திணைக்களத்தோடு சேர்ந்து இயங்குகிறது.

இதில் எமக்குரிய பாடம் இரண்டு. ஒன்று, அவர்கள் மூன்று மில்லியன் கேட்டு ஆரம்பிக்கவில்லை. சிறியதை ஒழுங்காகச் செய்து காட்டினார்கள். இரண்டு, பூங்கா வந்த பிறகு அதைக் கவனிக்க ஆளும் அமைப்பும் இருந்தன. நானூறு மீற்றர் வேண்டாம், முதலில் ஐம்பது மீற்றரை எமது சொந்தக் காசில் துப்புரவாக்கி, இருபத்தைந்து கன்று நட்டு, ஒரு கோடை தாண்டிக் காட்டுவோம். அந்தப் படத்தையும், அந்தச் செலவுக் கணக்கையும் விண்ணப்பத்தோடு இணைப்போம். அதை விடப் பெரிய சிபாரிசுக் கடிதம் எந்த அமைச்சரிடமும் கிடைக்காது.

கோவையில் இருக்க வேண்டியவை

விண்ணப்பிக்க முன் கோவையில் சில காகிதங்கள் இருக்க வேண்டும்.

முதலாவது, காணி யாருடையது என்ற பதில். கால்வாய் ஒதுக்கீட்டு நிலம் எமதும் அல்ல, நகர சபைத் தலைவரின் சொந்தமும் அல்ல. கொழும்புப் பகுதியில் பல கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் உள்ளன. அவர்களின் இயந்திரம் கால்வாயைத் தோண்டித் துப்புரவாக்க வரும்போது கரையில் இடம் வேண்டும். அந்த இடத்தில் மரம் நட்டால் முதல் வருடமே பிடுங்கி எறியப்படும். எங்கே நடலாம், எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லில் சரக்கு அனுப்பமாட்டோம் அல்லவா? அதுபோலத்தான்.

இரண்டாவது, சங்கத்தின் பதிவு. பிரதேச செயலகத்தில் பதிவு, அல்லது 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவு, அல்லது 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. எதுவாக இருந்தாலும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு, இருவர் கையொப்பம், கணக்காய்வு செய்த அறிக்கை இருக்க வேண்டும். தலைவரின் தனிப்பட்ட கணக்குக்குக் காசு வரக் கூடாது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது அமைப்புகளுக்கு வெளியிலிருந்து காசு வந்தால் கேள்வி எழுவது இயல்பாகிவிட்டது. அதற்காகக் கோபப்பட்டுப் பயனில்லை. கேள்வி வர முன்பே பதில் கோவையில் இருந்தால் யாருக்கும் பயப்படத் தேவையில்லை.

மூன்றாவது, விலைமனு. முக்கியமான ஒவ்வொரு கொள்வனவுக்கும் மூன்று இடத்தில் விலை எடுங்கள். சங்கத்தின் செயலாளர் ஹார்ட்வெயார் வைத்திருந்தால், கம்பி வலையை அவரிடமே வாங்கும் ஆசை வரும். விலை குறைவாகவே இருந்தாலும் அவர் முடிவெடுக்கும் மேசையில் இருக்கக் கூடாது. எமது சங்கங்கள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நான்காவது, விலை ஏற்றம். 2022 மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. அந்த மூன்று மாதத்தில் ரூபாவில் ஒப்பந்தம் எழுதியவனின் நிலைமையை நான் சொல்லத் தேவையில்லை. மானியம் எந்த நாணயத்தில் எழுதப்படுகிறது, விலைமனு எத்தனை நாளைக்குச் செல்லும், எதிர்பாராத செலவுக்கு எவ்வளவு ஒதுக்கலாம் என்பதை முன்கூட்டியே கேளுங்கள்.

ஐந்தாவது, எமது பங்களிப்பு. இதில்தான் வர்த்தகர்களாகிய நாம் எம்மை நாமே குறைத்து மதிப்பிடுகிறோம். லொறி ஒரு நாள் ஓடினால் அதற்கு வாடகை உண்டு. களஞ்சியத்தில் கன்றுகளை இரண்டு வாரம் வைத்தால் அதற்கு வாடகை உண்டு. கணக்குப்பிள்ளை மாதத்தில் ஒரு நாள் சங்கத்தின் கணக்கை எழுதினால் அதற்குக் கூலி உண்டு. அவற்றையெல்லாம் சந்தை விலையில் போட்டு "சமூகப் பங்களிப்பு" என்ற நிரலில் எழுதுங்கள். மிகைப்படுத்த வேண்டாம், விடவும் வேண்டாம்.

எந்த மரம் என்பதையும் தெரிந்தவரிடம் கேளுங்கள். நீர்க்கரைக்கு மருத மரம் பொருந்தும். சிங்களத்தில் கும்புக் என்பார்கள், வேரில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். புங்கும் இலுப்பையும் நீரோரத்துக்கு ஏற்றவை. வெல் ஆத்தா என்ற செடி கொழும்பின் சதுப்பு நிலங்களில் பரவி மற்றவற்றை அமுக்கும் ஆக்கிரமிப்புத் தாவரம். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எதையும் நடக் கூடாது.

யாருடைய வீட்டுக்கு மேல் மரம்?

கடைசியாக, பேசத் தயங்கும் ஒரு விடயம். கால்வாய்க் கரை வெறுமையாக இல்லை. பல இடங்களில் தகரமும் பலகையும் அடித்துக் குடும்பங்கள் வாழ்கின்றன. 2010 களில் கொழும்பின் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. பலருக்கு வீடு கிடைத்தது. ஆனால் வாசலில் போட்டிருந்த சிறு கடையும் பக்கத்து வேலையும் போனது. "பசுமை வலயம்" என்ற சொல்லைக் கேட்டவுடன் அந்த மக்களுக்கு வயிற்றில் புளி கரைப்பது இதனால்தான்.

அவர்களில் பலர் எமது கடைகளில் மூட்டை தூக்குபவர்கள், எமது வாடிக்கையாளர்கள். அவர்களை எழுப்பிவிட்டு நடும் மரத்துக்கு எமது சங்கம் கையெழுத்து வைக்கக் கூடாது. ஆளில்லாத பகுதியில் ஆரம்பிப்போம். குடியிருப்புள்ள பகுதியில் அவர்களையே கேட்போம்; தண்ணீர் ஊற்றும் கூலி வேலையை அவர்களில் ஒருவருக்கே கொடுப்போம். வாசலில் நிற்கும் மரத்தை வாசற்காரன் பார்ப்பது போல் சங்கத் தலைவர் பார்க்கமாட்டார்.

அதேபோல் குழுவில் எமது ஆட்கள் மட்டும் இருக்கக் கூடாது. எமது வீதியில் சிங்களவரின் பேக்கரியும் தமிழரின் நகைக்கடையும் இருக்கின்றன. கால்வாய் நிரம்பினால் மூன்று கடைக்கும் ஒரே அளவில்தான் தண்ணீர் வரும். பள்ளிவாசலும் பன்சலையும் கோயிலும் ஒரே கடிதத்தில் ஒப்பமிட்டால் அந்த விண்ணப்பத்தின் எடையே வேறு. கொடையாளருக்காக மட்டும் இதைச் செய்யச் சொல்லவில்லை. வெள்ளம் வந்த இரவில் படகு கொண்டு வருபவர் யார் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

எனவே என் யோசனை இதுதான். அடுத்த கூட்டத்தில் எந்தத் தூதரகம், எத்தனை டொலர் என்று பேசுவதை ஒத்தி வையுங்கள். முதலில் ஒரு கொப்பியைத் திறந்து, மாதம் 500 ரூபா போடத் தயாரான கடைகளின் பெயரை எழுதுங்கள். அறுபது கடையில் நாற்பதாவது சேர்ந்தால் விண்ணப்பப் படிவத்தை எடுங்கள். பத்துக் கடைதான் சேர்ந்தது என்றால் பத்துக் கடைக்குரிய அளவில், ஐம்பது மீற்றரில் ஆரம்பியுங்கள். ஒருவரும் சேரவில்லை என்றால் மானியத்தை விட்டுவிடுங்கள். அந்தக் காசு அதைக் காப்பாற்றக்கூடிய வேறொரு வீதிக்குப் போகட்டும்.